எல்லைக்கு அப்புறம் இருபது தறி

பாறசாலை
17.10.2025

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

ஸ்தோத்திரம். நீ ஃபோனை எடுப்பதில்லை. உன் தம்பி கனகதாஸ்தான் எடுக்கிறான். "அக்கா ஒறங்கியாச்சு அத்தான்" என்கிறான். விளக்கு வைக்கும் நேரத்தில் உறங்கும் பழக்கம் உனக்குக் கல்யாணமான நாள் முதல் இருந்ததில்லை. நேற்று அவனே உண்மையைச் சொன்னான்: "எழுதித் தந்தா வாசிப்பேன்னு அக்கா சொல்லுதா." சரி, எழுதுகிறேன். விழிஞ்ஞம் பக்கத்து ஹோட்டல்களுக்குத் துவர்த்துத் துண்டு கொண்டு போகும் வண்டியில் டிரைவர் சஜு இதைக் கோட்டுகாலில் உன் பிறந்த வீட்டில் தருவான். பதிலையும் அவனிடமே கொடு.

விஷயம் இதுதான். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு வார்டுகளைக் குலுக்கிப் போட்டார்கள். நம் மேல்விளை வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. சீட்டைப் பிரித்து வாசித்தபோது நானும் பின்வரிசையில் இருந்தேன். நம் கட்சி முன்னணியின் செயலாளர் சோமன் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். வெளியே வந்ததும் எவனோ ஒருவன், "மொதலாளி இனி சேலை உடுக்கணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த வார்டுக்காக நான் என்னென்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். கோயில் உற்சவத்துக்குப் பந்தல், சபை அசன விருந்துக்கு அரிசி, வாசகசாலைக்கு மின்விசிறி. கம்பெனி மதில் முழுக்க வெள்ளையடித்து, முன்னணி பெயரில் பிடித்து வைத்தாயிற்று. இந்தச் சுற்று வட்டாரத்தில் அதைவிட நீளமான மதில் கிடையாது. இனி அதில் எழுத ஒரு பெயர் வேண்டும். உன் பெயர் என்றால் எல்லாருக்கும் சம்மதம். சபையில் பெண்கள் ஐக்கியத்தை நீ நடத்தினாய். இந்து வீடுகளிலும் உன்னை உட்காரச் சொல்வார்கள். "கொச்சம்மான்னா ஆரும் எதிர் பறைய மாட்டாவ" என்று சோமனே சொன்னார்.

பதவி ஆசை என்று நினைக்காதே. பஞ்சாயத்தில் நமக்கென்று ஒரு ஆள் இல்லாமல் இனி கம்பெனி நடத்த முடியாது. சாயத் தண்ணீர் என்று யாராவது புகார் எழுதிப் போட்டால் லைசென்ஸ் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கிறது. நான் நேரில் போனால் "மொதலாளி இரிக்கணும்" என்று நாற்காலி போடுவார்கள். நாற்காலிதான் கிடைக்கும், காரியம் நடக்காது.

ஒரு சிக்கல் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் படந்தாலுமூட்டில் ஷெட் எடுத்தபோது, தமிழ்நாட்டில் தறிக்குக் கிடைக்கிற மின்சாரச் சலுகைக்காக அதை உன் பெயரில் வைத்து, உன் வோட்டையும் அங்கே மாற்றினோம். இங்கே வோட்டர் பட்டியலில் பெயர் சேர்க்க இன்னொரு அவகாசம் வரும் என்று சோமன் சொல்கிறார். பாறசாலையில் நம் வீட்டில் குடியிருக்கிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

ஓணத்துக்குப் பிறகு நடந்ததை நேரில் பேசிக்கொள்ளலாம். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. வாஷிங் மெஷினை மட்டும் எனக்கு ஓட்டத் தெரியவில்லை.

சுந்தரதாஸ்


கோட்டுகால்
20.10.2025

பின்சி அப்பாவுக்கு,

மெஷினில் இடது குமிழை இரண்டாவது புள்ளிக்குத் திருப்பி, மூடியை அழுத்தி மூட வேண்டும். மூடி சரியாக விழாவிட்டால் ஓடாது.

நான் ஃபோனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. ஃபோனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ம் கொட்டுவேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல நினைத்தது நினைவுக்கு வரும். காகிதத்தில் நீங்கள் நடுவில் புகுந்து பேச முடியாது.

ஓணத்துக்குப் பிறகு நடந்தது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். லீவு விடும் நாளில் தறிக்காரிகள் எல்லாரும் ஷெட் வாசலில் அத்தப்பூக் கோலம் போட்டார்கள். சாப்பாடு போட்டோம். பாயசத்தை நானே விளம்பினேன். மறுநாள் கம்பெனி அடைத்துக் கிடந்தபோது லாரிகள் வந்தன. இருபது தறிகள் ஏறின. "ஓவர்ஹாலுக்குப் போவுது" என்று என்னிடம் சொன்னீர்கள். லீவு முடிந்து வந்தவர்கள் பார்த்தது தரையில் போல்ட் கழற்றிய குழிகளை. தறிகள் எல்லையைத் தாண்டி என் பெயரில் உள்ள ஷெட்டில் இறங்கியிருந்தன. அங்கே குறைந்த கூலிக்கு வேறு பிள்ளைகளை எடுத்திருந்தீர்கள்.

என் பெயரில் இருப்பதால் கேள்வியும் என்னிடம்தான் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது லிஜா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "கொச்சம்மா, அந்தப் பாயசம் எங்கள யாத்திரை அனுப்பினதாக்கும், இல்லியா? மின்னயே சொல்லியிருந்தா நான் ரெண்டாவது கிளாஸ் வாங்கியிருக்க மாட்டேன்." பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கையெழுத்தைப் பற்றி. நான் குடியிருப்பது கோட்டுகாலில். உங்கள் காகிதப்படி குடியிருப்பது படந்தாலுமூட்டில். அங்கே நான் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. இன்னொரு இடத்தில் குடியிருப்பதாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் நிற்க வேண்டும் என்றால் அந்த இருபது தறிகளும் பழைய இடத்தில், பழைய ஆட்களுக்காக நிற்க வேண்டும். அது முடிந்தால் வீட்டுக்கு வருகிறேன். வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன். இந்த வரிசை மாறக்கூடாது.

சுகிர்தபாய்


பாறசாலை
24.10.2025

சுகிர்தாவுக்கு,

மெஷின் ஓடியது.

உன் கடிதத்தில் என் பக்கத்து நியாயம் ஒரு வரிகூட இல்லை. நூல் விலை ஏறுகிறது. இங்கே மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. கரூர்த் துண்டு லாரியில் வந்து, பாறசாலைக் கடையிலேயே நம்முடையதைவிட விலை குறைவாகத் தொங்குகிறது. ஹோட்டல்காரன் பழைய விலைக்கு மேல் ஒரு பைசா தர மாட்டான். அந்த இருபதை மாற்றாமல் இருந்தால் மீதி முப்பதும் நின்றிருக்கும். இருபது பேருக்கு வேலை போயிற்று என்று ஊர் முழுவதும் சொல்கிறது. முப்பது பேருக்கு வேலை இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

முன்பே சொல்லியிருக்கலாம் என்பாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே கேட்டில் கொடி நட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தறிகூட நகர்ந்திருக்காது. பாயசத்தை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அது உன் யோசனை.

சோமன் நேற்று வந்து இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். "வேறே பேரு உண்டெங்கில் இப்ப பறையணும் மொதலாளி. மற்றவன் ஆளை நிறுத்தியாச்சு." வேறு யாருடைய பெயரைச் சொல்வேன்? பின்சியின் வோட்டு நாகர்கோவிலில் இருக்கிறது. என் தங்கையை நிறுத்தினால் அவள் கணவன் என்னை ஆட்டிவைப்பான். இது உனக்கும் தெரியும்.

சரி. இருபதும் வரும். நான் சொன்னால் செய்வேன்.

சுந்தரதாஸ்


கோட்டுகால்
27.10.2025

பின்சி அப்பாவுக்கு,

பாயசம் என் யோசனைதான். அதை நான் மறக்கவில்லை.

தறிகள் வந்ததை ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். நான் வந்து பார்ப்பேன். போதகர் ஐயாவை வரச் சொல்லி, தறிக்காரிகளையும் சபையாரையும் கூட்டி, ஜெபித்துத் தொடங்குங்கள். குமாரி போன்ற இந்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். பத்துப் பேர் அறிய ஜெபித்துத் தொடங்கியதை நீங்களே நினைத்தாலும் பிறகு மாற்ற முடியாது. எனக்கு அந்த உறுதி வேண்டும்.

சுகிர்தபாய்


பாறசாலை
31.10.2025

சுகிர்தாவுக்கு,

இருபதும் வந்துவிட்டன. ஃபிட்டர் சிபி ஆட்களை வைத்துப் பழைய குழிகளிலேயே போல்ட் போட்டு நிறுத்திவிட்டான். பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஷெட்டில் ஜெபம். போதகர் ஐயா சம்மதித்தார். வடையும் காப்பியும் சொல்லியிருக்கிறேன், பாயசம் சொல்லவில்லை. பாவு நூல் ஈரோட்டிலிருந்து வர வேண்டும். வந்ததும் ஏற்றி ஓட்டலாம்.

சனிக்கிழமை மதியம் சஜு வண்டியோடு வருவான். மாடி அறையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுந்தரதாஸ்


மாடி அறை
27.11.2025

பின்சி அப்பாவுக்கு,

நீங்கள் கீழே இருக்கிறீர்கள், டிவி சத்தம் கேட்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். காரணம் முன்பு சொன்னதுதான்.

இன்று மதியம் குமாரி வீட்டுக்கு வோட்டுக் கேட்கப் போனோம். நான், சோமன், கூட நாலைந்து பெண்கள். குமாரி முற்றத்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க கொச்சம்மா. வோட்டுக்காக்கும்?"

"ஆமா குமாரி. உனக்க தறி வந்தாச்சில்லியா."

"வந்துது, வந்துது. பச்சைப் பெயிண்டெல்லாம் அடிச்சு நல்ல சுந்தரமாட்டு நிக்குது. மோட்டார் எங்க?"

"பாவு வரணும்னு சொன்னாவளே."

"பாவு வந்தா பின்ன நாங்க கையால சுத்தணுமா? நீங்க தறிக்க அடியில குனிஞ்சு பாத்தியளா? ஒண்ணுலயாவது மோட்டார் உண்டா?" மீனை அலசி ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "கண்ணு திறக்காத்த சாமிக்கு எங்க கோயில்ல பூசை வைக்க மாட்டாவ கொச்சம்மா. நீங்க மோட்டார் இல்லாத்த தறிக்கு ஜெபம் பண்ணிட்டிய."

சோமன் இருமினார். "அடுத்த வீட்டுக்குப் போலாம், சமயமாச்சு" என்றார். நான் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. ஷெட்டுக்குப் போனேன். முதல் தறியின் அடியில் குனிந்து பார்த்தேன். மோட்டார் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வயர் நுனியில் டேப் சுற்றியிருந்தது. இருபதிலும் அப்படித்தான்.

சிபி மூலையில் நின்றான். கேட்டேன். "மோட்டார் படந்தாலுமூட்டுல தார்ப்பாய்க்கு அடியில கிடக்குது கொச்சம்மா. தேர்தல் களிஞ்சா தறிய திரிச்சு அங்க கொண்டு போணுமில்லியா, மோட்டார எதுக்கு ரெண்டு தடவ ஏத்தி இறக்கணும்னு மொதலாளி சொன்னாவ."

"எலே, எனக்கிட்ட ஏன் நீ சொல்லல்ல?"

"ஜெபத்துல நீங்க கண்ண மூடிட்டு நின்னியளே. அப்ப எப்பிடி சொல்லுயது?"

அவன் சொன்னது சரி. ஜெபத்தின்போது தறி ஓடாது. அதனால் ஓட முடியாத தறி எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. போதகர் ஐயா அதன்மேல் கை வைத்தார். நான் ஆமென் சொன்னேன். தறிக்காரிகளும் சொன்னார்கள். அந்த ஜெபத்தைக் கேட்டு வாங்கியதே நான்தான். உங்களைக் கட்டிப்போட நினைத்துச் செய்தேன். நீங்கள் அதன் ஃபோட்டோவை ஃப்ளெக்ஸ் அடித்து என் பெயரோடு ரோட்டில் வைத்திருக்கிறீர்கள்.

வாபஸ் வாங்கும் நாள் திங்கட்கிழமையோடு முடிந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டேன், என் பெயர் இனி வோட்டு மெஷினில் இருக்கும். சனிக்கிழமைக்குள் மோட்டார்களைக் கொண்டுவந்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் நான் போன வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வருவேன்.

சுகிர்தபாய்


கீழே, ஆபீஸ் அறை
28.11.2025

சுகிர்தாவுக்கு,

மாடிப்படி ஏறிவரத் தெரியாமல் எழுதவில்லை. நேற்று பாதி வரை ஏறினேன். கதவு சாத்தியிருந்தது.

இருபது தறிகள் வரும் என்று எழுதினேன். வந்தன. மோட்டாரைப் பற்றி நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்படிச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனால் நான் எழுதிய சொல்லை மீறவில்லை.

ஏன் மாட்டவில்லை என்று கேள். சும்மா நிற்கிற தறியை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஒரே ஒரு நாள் ஓடிவிட்டால் நகர்த்த முடியாது. நிறுத்தினால் லாக்-அவுட் என்பார்கள். கொடி வரும், லேபர் ஆபீஸிலிருந்து ஆள் வரும், கேட்டில் அடுப்பு கூட்டிக் கஞ்சி வைப்பார்கள். நான் முதலாளி ஆனபிறகு இரண்டு தடவை அந்தக் கஞ்சியைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவைக்கு எனக்குத் தெம்பு இல்லை. ஓட்டினால் நஷ்டம், ஓட்டி நிறுத்தினால் சண்டை. உன் பிடிவாதத்துக்கும் என் நஷ்டத்துக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான்.

தேர்தல் வரை பொறு. ஜெயித்தால் மார்ச்சுக்குள் மோட்டார் வரும். அதற்கு முன்னால் வீடுவீடாகப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசி. மற்றவர்கள் என்னைப் பொய்யன் என்று சொன்னால் அரசியல் என்று விட்டுவிடலாம். நீ சொன்னால் நான் எப்படி ரோட்டில் இறங்கி நடப்பேன்? ஞாயிற்றுக்கிழமை எந்த பெஞ்சில் உட்காருவேன்?

சுந்தரதாஸ்


மாடி அறை
1.12.2025

பின்சி அப்பாவுக்கு,

சனிக்கிழமை வரை பார்த்தேன். இன்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

மைக் கட்டின ஜீப்பைச் சோமன் திருப்பி அழைத்துக்கொண்டார். வோட்டுக் கேட்கும் ஸ்குவாடுப் பெண்களும் வரவில்லை. லிஜா மட்டும் வந்தாள். "கொச்சம்மா தனியா நடந்தா ஆள்க்காரு தலைக்கு வட்டுன்னு சொல்லுவாவ, நானும் வாறேன்" என்றாள்.

உங்களைப் பொய்யன் என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை. தறி வந்தது, மோட்டார் வரவில்லை, மோட்டார் கிடக்கிற ஷெட் என் பெயரில் இருக்கிறது, ஜெபம் வைக்கச் சொன்னது நான். இவ்வளவுதான் சொல்கிறேன். வோட்டுக் கேட்கவில்லை. சில வீட்டில் காப்பி தருகிறார்கள், சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ரயில்வே கேட் பக்கத்து வீட்டில் ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பம் நான் ஆருக்கு வோட்டு போடணும்னு சொல்லுதிய?" என்றார். லிஜா, "அத நாங்களும் யோசிச்சிட்டிருக்கோம்" என்றாள்.

உங்கள் தெம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்தேன். அதை நீங்கள் எனக்கு எழுதாமல் தறிக்காரிகளிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள்.

சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

சுகிர்தபாய்


பாறசாலை
14.12.2025

சுகிர்தாவுக்கு,

நேற்று எண்ணினார்கள். நீ தோற்றுவிட்டாய். இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். நான் எண்ணும் இடத்துக்குப் போகவில்லை. ஜெயித்தவர்கள் கம்பெனி வாசலில் வந்து வெடி போட்டார்கள். வழக்கம்தான்.

வோட்டுப் போட்ட அன்று சாயங்காலம் நீ பையோடு இறங்கிப் போனாய். கோட்டுகாலுக்கு என்று நினைத்தேன். கனகதாஸ், "இங்க வரல்ல அத்தான்" என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று சத்தம் போட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. படந்தாலுமூட்டு ஷெட்டின் பூட்டு மாறியிருக்கிறது, நீ உள்ளே இருக்கிறாய் என்று சிபி வந்து சொன்னான். அந்த ஸ்டோர் ரூமில் எப்படிப் படுக்கிறாய்? அங்கே குளிமுறிக்குக் கதவு சரியாக இல்லை.

சோமன் பேசுவதில்லை. ஒரு தடவை பேசினார்: "மொதலாளி, வீட்டில் உள்ள ஒரு வோட்டை உறுதியாக்கிட்டு வேணும் தேர்தலுக்கு இறங்க." அந்த ஆள் எனக்கு அரசியல் சொல்லித் தருகிறார்.

ஹோட்டல்காரன் அவசரப்படுகிறான். ஜனவரிக்குள் சரக்குப் போகாவிட்டால் கரூர்க்காரனிடம் வாங்குவான். இருபது தறிகள் இங்கே நிற்கின்றன. மோட்டார்கள் உன்னிடம். தேர்தல் முடிந்தது, இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. தறிகளை அங்கே ஏற்றி அனுப்புகிறேன். கதவைத் திறந்து விடு.

சுந்தரதாஸ்


படந்தாலுமூடு
18.12.2025

பின்சி அப்பாவுக்கு,

குளிமுறிக் கதவுக்குக் கொக்கி போட்டாயிற்று. கட்டில் வாடகைக்கு எடுத்தேன். அந்த இருபது தறிகள் இல்லாததால் இரவில் சத்தம் கிடையாது. முன்பே இருந்த எட்டுத் தறிகள் பகலில் ஓடுகின்றன.

நான் தோற்றதற்குக் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. குமாரி நேற்று பஸ் ஏறி இங்கே வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்: "கொச்சம்மா சொன்னது சத்தியமாக்கும். வீட்டுல எல்லாரும் அதத்தான் சொன்னோம். ஆனா நான் வோட்டு மற்றவளுக்காக்கும் போட்டேன். உங்க கேட்டுல நின்னு சத்தம் போட ஒருத்தி வேணும் எங்களுக்கு. நீங்க கேட்டுக்கு உள்ள இரிக்கப்பட்ட ஆளில்லியா?" நான் காப்பி போட்டேன். குடித்துவிட்டுப் போனாள். எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்னொன்று நடந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதவில்லை. நீங்கள் ஓணத்துக்குப் பிறகு இங்கே எடுத்த பிள்ளைகள் தினமும் வாசலில் வந்து நிற்கிறார்கள். தறிகளைப் பாறசாலைக்கு ஏற்றியபோது அவர்களிடமும் ஓவர்ஹால் என்றே சொல்லியிருக்கிறீர்கள். ஜினு என்று ஒருத்தி, கல்யாணமாகி வந்து ஒரு வருடம் ஆகவில்லை. "அம்மா, எங்க தறி எப்பம் வரும்?" என்று கேட்கிறாள். ஓணத்துக்குப் பிறகு லிஜாவும் இப்படித்தான் நின்றாள். அந்தத் தறிகளை ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் எழுதியபோது இந்தப் பக்கமும் ஆள் இருக்கும் என்று யோசிக்கவில்லை. நான் எல்லையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

தறிகளை இங்கே கொண்டுவந்தால் லிஜாவும் குமாரியும் வேலையில்லாமல் நிற்பார்கள். மோட்டார்களை அங்கே அனுப்பினால் ஜினு நிற்பாள். ரெண்டு பக்கத்துக்கும் நல்லதாக ஒரு வழியை நான் ராத்திரி முழுக்க யோசித்தேன், கிடைக்கவில்லை. முதலில் வேலை போனது பாறசாலைக்காரிகளுக்கு, அதனால் மோட்டார் அங்கே போக வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. நஷ்டம் வரும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் இந்தத் தடவை லாரி லீவு நாளில் வரக்கூடாது. எதைச் செய்தாலும் வேலைநாளில், கேட்டில் நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். என் பெயரை வைத்துச் சொன்னதும் செய்ததும் போதும். நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு எந்த வண்டி வந்தாலும் கதவைத் திறப்பேன். அதுவரை சாவி என்னிடம் இருக்கும்.

கிறிஸ்துமஸுக்குப் பின்சி அங்கே வருவாள். என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

சுகிர்தபாய்


பாறசாலை
3.1.2026

சுகிர்தாவுக்கு,

இன்று காலை சொன்னேன். கேட்டில் நின்று சொன்னேன்.

பழைய இருபது பேரையும் வரச் சொல்லி வியாழக்கிழமையே ஆள் அனுப்பியிருந்தேன். நான் வருவதற்கு முன்பே வந்து மதில் ஓரமாக நின்றார்கள். மதிலில் உன் பெயர்மேல் வெள்ளையடித்தும் பாதி தெரிகிறது. நான் கிறிஸ்துமஸ் நாளெல்லாம் கணக்குப் போட்டு ஒரு வழி வைத்திருந்தேன். பத்து மோட்டார் இங்கே வரட்டும், பத்துத் தறி அங்கே போகட்டும். ரெண்டு பக்கமும் பாதிப் பேருக்கு வேலை. இதைவிட நியாயமாக யாரும் யோசிக்க முடியாது என்று நினைத்தேன். அதைச் சொன்னேன்.

யாரும் சத்தம் போடவில்லை. குமாரி மட்டும், "எந்தப் பத்து மொதலாளி?" என்றாள்.

"அத பின்ன தீர்மானிக்கலாம்" என்றேன்.

"பின்னெ எதுக்கு? எல்லாரும் இங்கதானே நிக்கோம். இப்பமே கை நீட்டிச் சொல்லுங்க."

நான் பார்த்தேன். லிஜா நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள் ஒருத்தி காரக்கோணம் பஸ்ஸை விட்டுவிட்டு, சீட்டும் கையுமாக நின்றாள். இருபது பேரையும் ஒரே இடத்தில் இப்படிப் பார்த்து நான் நின்றதில்லை. சம்பளம் கொடுக்கும்போதுகூட ஒவ்வொருத்தியாகத்தான் வருவார்கள். லிஜா, "மொதலாளிக்கு வெயிலு கொள்ளுது, ஒரு கொடை பிடிங்கடி" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். என்னால் கை நீட்ட முடியவில்லை.

இருபதும் வரும் என்று சொல்லிவிட்டேன். இப்போதுள்ள விலையில் மார்ச் வரை ஓட்டலாம், அதற்கப்புறம் எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். மார்ச்சில் நிலைமை மோசமானால் இதே கேட்டில் வந்து சொல்வேன் என்றேன். "சொன்னா போதும், பாக்கி நாங்க பாத்துக்கலாம்" என்றாள் குமாரி. அவள் என்ன பார்த்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். கொடியும் கஞ்சியும்தான். வரட்டும்.

திங்கட்கிழமை காலை சஜு வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே வருவான். சிபியும் வருவான். மோட்டார்களை ஏற்ற வேண்டும். நீ வீட்டுக்கு வருவாயா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

ஜினுவிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் நீ முந்திக்கொண்டு ஒன்றும் சொல்லிவிட வேண்டாம். திங்கட்கிழமை அவர்களை வாசலில் நிற்கச் சொல். அந்த வண்டியில் நானும் வாறேன்.

சுந்தரதாஸ்